ஆகார் கண்ட கிணறும் ஹாஜர் ஓடிய குன்றுகளும்

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி எனச் சாவடிப் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். வெயில் தாழும் வரை, துணைக்கு ஆள் சேரும் வரை பயணம் நின்று காத்திருக்கும் இடம். பெயர் மட்டும் எஞ்சிய இந்தச் சாவடிகளைச் சுற்றி இன்று பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் ஒன்றுக்கொன்று அண்மையில் நிற்கின்றன. காத்திருத்தலைப் பற்றிய பேச்சு இன்று அந்தத் தேவாலயங்களில்தான் மிகுதி. பெந்தெகொஸ்தே சபைகளில் 'காத்திருப்புக் கூட்டம்' என்றே ஒரு வழிபாட்டு வகை உண்டு. ஆண்டின் முதல் நாளில் வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டையை எடுத்து, அது நிறைவேறும் வேளைக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பது தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் வேரூன்றிய வழக்கம்.

இறைவன் குறித்த வேளையை மனிதன் முந்தக் கூடாது என்னும் இக்கருத்தில் முஸ்லிமுக்கு முரண்பட ஒன்றுமில்லை. இக்கருத்தை விளக்க மேடைகளில் பெரிதும் எடுத்தாளப்படும் சான்றுதான் நம்மை நிறுத்துகிறது. வாக்களிக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கப் பொறுமையின்றி ஆபிரகாமும் சாராளும் ஆகாரை நாடினர். அந்த அவசரத்தின் விளைவே இஸ்மவேல். ஆகவே உன் வாழ்விலும் ஓர் இஸ்மவேலைப் பெற்றுவிடாதே, ஈசாக்குக்காகக் காத்திரு என்று அச்சொற்பொழிவு நீளும். மகளை ஹாஜரா என்றும் மகனை இஸ்மாயீல் என்றும் அன்போடு அழைக்கும் அண்டை வீட்டாரின் செவியிலும் அது விழுகிறது. அதைக் கேட்டு மனம் நொந்து ஒதுங்கிக்கொள்ளலாம். அல்லது, முந்தைய வேதங்கள் திரிக்கப்பட்டவைதாமே என்று சொல்லி நூலை மூடிவிடலாம். நம்மவர் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றையே செய்து வந்துள்ளனர். ஆதியாகமம் உண்மையில் அப்படிச் சொல்கிறதா என்று பார்ப்பவர் மிகச் சிலரே. இக்கட்டுரையில் அந்நூலின் கதையைப் பேசுமிடத்து அதன் பெயர்களையும், நம் மரபைப் பேசுமிடத்து நம் பெயர்களையும் கையாள்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது. எபிரேய வேதத்தில் இறைவனுக்காகக் காத்திருப்பதைக் குறிக்கும் 'காவா' என்னும் வினையைக் கயிறு முறுக்குவதோடு தொடர்புபடுத்துவர் மொழியறிஞர். அரபியில் 'ஸப்ர்' என்பதன் அடிப்பொருள் கட்டி நிறுத்துதல், தடுத்து வைத்தல். தமிழில் காத்தலும் இருத்தலும் சேர்ந்ததே காத்திருத்தல். இவற்றுள் எதுவும் கைகட்டிச் சும்மா கிடத்தலைச் சொல்லவில்லை. பழைய தமிழ் விவிலியம் 'கர்த்தருக்குக் காத்திருத்தல்' என நான்காம் வேற்றுமையில் எழுதுகிறது. வழக்குத் தமிழில் 'அவருக்காக' என்றே சொல்வோம். ஆயினும், எசமானின் குறிப்பறிந்து பணியாள் நிற்கும் நிலையை அந்தப் பழைய தொடர் தன்னையறியாமலே காட்டிவிடுகிறது. குறித்த காலத்துக்கெனத் தரிசனம் வைக்கப்பட்டிருக்கிறது, தாமதித்தாலும் காத்திரு என்று ஆபகூக் தீர்க்கதரிசியிடம் கூறப்படுவதும், தன் வேளை இன்னும் வரவில்லை என்று யோவான் சுவிசேஷத்தில் ஈஸா (அலை) தம் தாயிடம் சொல்வதும், காலங்களை அறிவது சீடர்களுக்கு உரியதன்று என்று அப்போஸ்தலர் நடபடிகளின் தொடக்கத்தில் வருவதும் இந்நிலையைச் சார்ந்தவையே.

இனி ஆதியாகமம். ஆரானை விட்டுப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு வயது 75. இஸ்மவேல் பிறந்தபோது 86. ஈசாக்கு பிறந்தபோது 100. கானானில் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே சாராள் தன் பணிப்பெண்ணைக் கணவனுக்குக் கொடுக்கிறாள். அதுவரை வந்த வாக்குறுதியில் பிள்ளை ஆபிரகாமின் சொந்த வித்தாயிருக்கும் என்பது மட்டுமே உண்டு. தாய் யாரென்பது சொல்லப்படவில்லை. சாராளே தாய் என்னும் அறிவிப்பு 17ஆம் அதிகாரத்தில்தான், இஸ்மவேலுக்குப் பதின்மூன்று வயதானபோதுதான் வருகிறது. சொல்லப்படாத ஒரு நிபந்தனையை மீறினார் என்று ஒருவரைக் குற்றஞ்சாட்டுவது எங்ஙனம்?

எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான சான்று உண்டு. அதை மறைப்பது முறையன்று. ஆபிரகாம் மனைவியின் சொல்லுக்குச் செவிகொடுத்தார் என்னும் தொடர், ஏதேன் தோட்டத்தில் ஆதாமைக் கடிந்துகொள்ளும் தொடரை எபிரேயத்தில் அப்படியே எதிரொலிக்கிறது. ஆசிரியர் இங்கே ஐயத்தின் நிழலைப் படரவிட்டிருக்கலாம். ஆனால் நிழலோடு நின்றுவிடுகிறார். கண்டனம் ஒரு சொல்லும் இல்லை. இதைவிட வியப்பானது பவுலின் ரோமர் நிருபம். அதன் நான்காம் அதிகாரம், முதிய வயதிலும் ஆபிரகாம் அவிசுவாசத்தால் தடுமாறவில்லை என்று உறுதிபடப் பேசுகிறது. ஆகாரைச் சேர்ந்தது பொறுமையின் வீழ்ச்சியென்றால் பவுல் இதை எழுதியிருக்க இயலாது.

அவ்வாறாயின் மேடைப் பேச்சின் வேர் எங்குள்ளது? அதே பவுலின் கலாத்தியர் நிருபத்தில், நான்காம் அதிகாரத்தின் பிற்பகுதியில். அங்கே ஆகார் அடிமைத்தனத்துக்கும் சாராள் விடுதலைக்கும் உருவகமாகின்றனர்; ஒரு பிள்ளை மாம்சத்தால் பிறந்தது, மற்றது வாக்குத்தத்தத்தால் பிறந்தது என்கிறார். தாம் செய்வது உருவகம் என்று அவரே சொல்லிவிடுகிறார். அவருடைய வழக்கு, யூதரல்லாத விசுவாசிகள் விருத்தசேதனம் முதலிய சட்டங்களை ஏற்க வேண்டுமா என்பது பற்றியது. ஆகாரை அவர் சீனாய் மலையோடு, அதாவது மூஸா (அலை) பெற்ற சட்டத்தோடு, இணைக்கிறார். காத்திருத்தல் அவருடைய பொருளன்று. இஸ்மவேலின் வழித்தோன்றல்களும் அல்லர். ஒரு காலத்துச் சட்ட வாதத்துக்காக எழுந்த உருவகம், பின்வந்தோர் கையில் வரலாறாகவும் இல்லற அறிவுரையாகவும் கெட்டிப்பட்டுவிட்டது.

தமிழில் இதற்கு மொழிபெயர்ப்பும் துணைபோயிற்று. வனாந்தரத்தில் தூதர் ஆகாரிடம், பிறக்கப்போகும் மகனை எபிரேயத்தில் 'பெரே ஆதாம்' என்கிறார்: மனிதருள் ஒரு காட்டுக்கழுதை. பழைய தமிழ் விவிலியம் இதைத் 'துஷ்டமனுஷன்' என்று பெயர்த்தது. காட்டுக்கழுதை என்றதும் நம் செவிக்கு வசையாகவே படும். பாலைவனத்தார்க்கு அது அப்படியன்று. யோபு நூலின் 39ஆம் அதிகாரம் இவ்விலங்கைப் பாடும்போது, கட்டவிழ்க்கப்பட்டுத் தன்னிச்சையாய்த் திரிவதையும், நகரத்தின் இரைச்சலையும் ஓட்டுகிறவன் கூச்சலையும் பொருட்படுத்தாததையும் போற்றுகிறது. அடிமைப்பெண் ஒருத்திக்கு, உன் மகன் எவருடைய நுகத்துக்கும் அடங்கான் என்று சொல்லப்படுவது எத்தகைய நற்செய்தி! கட்டுக்கடங்காமை அச்சொல்லில் உண்டு. அவ்வசனத்தின் பிற்பகுதி பகையைப் பேசுவதும் உண்மை. ஆனால் துஷ்டத்தனம் மூலத்தில் இல்லை. ஆறுதலாக வந்த வாக்கு தமிழில் சாபமாக ஒலிக்கிறது. தலைமுறை தலைமுறையாக இச்சொல்லையே ஓதிவந்த ஒரு சமூகம் இஸ்மவேலை எப்படி நினைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகாரின் கதையை மட்டும் தனியே பிரித்துப் படித்தால், இறைவழிகாட்டலும் அதன் வேளையும் பற்றி ஆதியாகமம் கூறுவனவற்றுள் அதுவே மிக நுட்பமானது என்பது என் துணிபு. அவர் இருமுறை பாலைக்குச் செல்கிறார். முதன்முறை கருவுற்ற நிலையில், சாராளின் கொடுமை தாளாமல் தாமே ஓடுகிறார். சூருக்குப் போகும் வழியில் நீரூற்றருகே தூதர் அவரைக் கண்டு, திரும்பிப் போ என்கிறார். கடுமையான கட்டளை. இரண்டாம் முறை ஆபிரகாமே அவரை மகனோடு அனுப்பிவிடுகிறார். இப்போது திரும்பிப் போகச் சொல்ல எவரும் வரவில்லை. மகனைப் பெரிய சமுதாயமாக்குவேன் என்ற வாக்கோடு வழி முன்னோக்கித் திறக்கிறது. ஒரே பெண், ஒரே பாலை, ஒரே இறைவன். வழிகாட்டல் மட்டும் வேளைக்கேற்ப வேறு.

முதல் சந்திப்பில் அவர் இறைவனுக்கே ஒரு பெயர் சூட்டுகிறார்: என்னைக் காண்கிறவன். விவிலியத்தில் இறைவனுக்குப் பெயரிட்ட முதல் மனிதர் ஓர் எகிப்திய அடிமைப்பெண். மகனுக்கு இடச்சொன்ன பெயரோ இறைவன் செவியுறுவான் என்று பொருள்படுவது. எபிரேயத்தின் 'ஷாமா'வும் அரபியின் 'ஸமிஅ'வும் ஒரே வேர். ருகூவிலிருந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் நம் நாவில் வரும் சொல்தான் அது.

நம் மரபில் இந்நிகழ்ச்சி இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக ஸஹீஹுல் புகாரியில் விரிவாகப் பதிவாகியுள்ளது. திருக்குர்ஆன் அன்னை ஹாஜரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பயிரற்ற பள்ளத்தாக்கில் வழித்தோன்றலைக் குடியேற்றிய இப்றாஹீம் (அலை) அவர்களின் துஆவும் (14:37), ஸஃபா, மர்வாவும் (2:158) அங்கு உள்ளன. இரு கதைகளையும் அருகருகே வைத்தால் நெருக்கமும் விலகலும் ஒருங்கே புலப்படும். அங்கே அப்பமும் தண்ணீர்த் துருத்தியும். இங்கே ஒரு பை பேரீச்சம்பழமும் தோல்பையில் நீரும். ஆகார் பிள்ளையைச் செடியின் கீழ் விட்டு, சாவதைக் காண மனமின்றி ஓர் அம்பு பாயும் தொலைவில் போய் அமர்ந்து அழுகிறார். (அம்பின் தொலைவால் தாயின் துயரை அளந்த கதைசொல்லி, அடுத்த சில வரிகளில் மகனை வில்வீரனாக்குகிறார், அந்தக் கைத்திறனை வியவாதிருக்க இயலவில்லை.) ஹாஜர் அமரவில்லை. இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை ஓடுகிறார்.

இந்த வேறுபாட்டைவிட ஆழமானது நீரைப் பற்றியது. ஆதியாகமத்தில் புதிதாகக் கிணறு தோன்றவில்லை. இறைவன் அவர் கண்களைத் திறந்தான், அவர் ஒரு கிணற்றைக் கண்டார். உதவி முன்பே அங்கிருந்தது. கண்ணீர் அதை மறைத்திருந்தது. நபிமொழியில் வானவர் குதிகாலாலோ இறக்கையாலோ நிலத்தைத் தோண்ட, நீர் அப்போதுதான் பீறிட்டெழுகிறது; அதுவும் அவர் ஓடிய இடத்திலன்று, பிள்ளை கிடந்த இடத்தில். இறைவனின் வேளை வந்தது என்பதற்கு ஒரு நூல் தரும் பொருள், உள்ளதைக் காணும் கண் வாய்த்தது என்பது. மற்றது தரும் பொருள், இல்லாதது அவன் நாட்டத்தால் உண்டாயிற்று என்பது. முயற்சி பலனைப் பிறப்பிக்கவில்லை. ஆயினும் முயற்சி முடிந்த பின்னரே பலன் வந்தது. தவக்குல் என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான காட்சி விளக்கம் நான் அறிந்தவரை இல்லை.

நம் சொற்பொழிவாளர்கள் இதில் ஒரு பகுதியை விட்டுவிடுகின்றனர். இப்றாஹீம் (அலை) அவர்களை விட்டுத் திரும்பியபோது ஹாஜர் மௌனமாய் இணங்கிவிடவில்லை. பின்தொடர்ந்து சென்று, இங்கே எங்களை விட்டு எங்கே போகிறீர் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். விடையில்லை. கேள்வியை மாற்றுகிறார்: இது அல்லாஹ் இட்ட கட்டளையா? ஆம் என்ற பிறகே, அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்கிறார். கேள்வி முந்தியது, நம்பிக்கை பிந்தியது. பெண்ணுக்குப் பொறுமையை உபதேசிக்கும்போது இந்த வரிசையை மறந்துவிடுவது நம் மேடைகளின் குறை.

பிள்ளையின் வயதைப் பற்றிய ஒரு சிக்கலும் உண்டு. ஆதியாகமத்தின் கணக்குப்படி, வெளியேற்றப்பட்டபோது இஸ்மவேல் பதினான்கைக் கடந்தவன். கதையோ அவனைச் செடியின் கீழ் கிடத்தப்படும் சிறுபிள்ளையாக நடத்துகிறது. வெவ்வேறு மூலங்கள் இணைந்ததன் தடயமாக ஆய்வாளர் இதைக் கொள்வர். நபிமொழியில் அவர் பால்குடி மாறாத மழலை, முரண் எழவில்லை. இதை வைத்து வாதில் வென்றதாக மகிழ்வோர் உண்டு. எனக்கு அதில் ஆர்வமில்லை. பொறுமையின்மையின் பிள்ளை என்று மேடையில் சொல்லப்படுபவரைத் திருக்குர்ஆன் இத்ரீஸ், துல்கிஃப்லு (அலை) ஆகியோருடன் பொறுமையாளர் வரிசையில் வைப்பதும் (21:85), வாக்கு தவறாதவர் என்று சிறப்பிப்பதுமே (19:54) இங்கு எடைபோட வேண்டியவை.

கிறித்தவ மேடையின் வாசிப்பே விவிலிய மரபு முழுவதன் வாசிப்பு என்று கருதிவிடலாகாது. யூதர் தம் புத்தாண்டின் முதல் நாளில் தொழுகைக் கூடத்தில் ஓதத் தேர்ந்த தவ்ராத் பகுதி, ஆகாரும் இஸ்மவேலும் பாலையில் கைவிடப்பட்ட இதே 21ஆம் அதிகாரம். அதற்கு இணையாக ஓதப்படுவது, பிள்ளைக்காகக் காத்திருந்த அன்னாளின் கதை. அவன் இருக்கும் இடத்திலேயே அவன் குரலை இறைவன் கேட்டான் என்னும் தொடரிலிருந்து, மனிதன் அந்தந்த நேரத்து நிலையைக் கொண்டே தீர்ப்பளிக்கப்படுகிறான் என்று தல்மூத் விதி வகுத்தது. 13ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் நஹ்மானிதிஸ் இன்னும் துணிந்து, ஆகாரைத் துன்புறுத்தியதால் நம் அன்னை சாராள் பாவம் செய்தாள், அதற்கு இடமளித்த ஆபிரகாமும் அவ்வாறே என்று எழுதினார். தம் மூதன்னையைப் பற்றித் தம் மக்களுக்கே எழுதியது இது.

அந்தக் கிணற்றைப் பற்றி ஆதியாகமம் பிறகும் பேசுகிறது. ரெபெக்காள் மணமகளாக வந்து சேரும் நாளில் ஈசாக்கு எங்கிருந்து வருகிறார்? ஆகார் இறைவனுக்குப் பெயரிட்ட அந்தக் கிணற்றின் பக்கத்திலிருந்து. ஆபிரகாமை ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து அடக்கம் செய்கின்றனர். அதன்பின் ஈசாக்கு குடியிருப்பதும் அதே கிணற்றருகேதான். அவர் அன்று அங்கே போனது ஏன் என்ற கேள்விக்கு, மித்ராஷ் மரபைப் பின்பற்றி ராஷி தரும் விடை: மனைவியை இழந்த தந்தைக்கு மீண்டும் மணமுடித்துவைக்க ஆகாரை அழைத்துவரப் போயிருந்தார்.