ஆசானைத் தேடி அலையும் தூரிகை

ஓவன் கிளைன் எழுதி இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம் 'ஃபன்னி பேஜஸ்'. 2022ஆம் ஆண்டு கான் விழாவையொட்டி நடைபெறும் இயக்குநர்கள் அரங்கில் இது முதன்முதலாகத் திரையிடப்பட்டது. சித்திரக்கதைக் கலைஞனாக விழையும் ராபர்ட் என்னும் பள்ளி மாணவனே இதன் நாயகன்.

ஊக்கமளித்த ஆசிரியர் விபத்தில் இறந்துவிடவே, ராபர்ட் படிப்பையும் பிரின்ஸ்டனில் உள்ள வசதியான வீட்டையும் துறந்து, டிரென்டன் நகரில் புழுக்கம் மிகுந்த நிலவறையொன்றில் குடியேறுகிறான். துன்பமே கலையை ஈனும் என்பது அவனது துணிபு. பின்னர் வாலஸ் என்பவரைச் சந்திக்கிறான். இமேஜ் காமிக்ஸ் நிறுவனத்தில் வண்ணப் பிரிப்புப் பணியில் உதவியாளராக இருந்தவர் அவர். அவர் ஓவியரல்லர், கற்பிக்கும் விருப்பமும் அற்றவர், மனம் குலைந்தவர். எனினும் ராபர்ட் அவரைக் குருவாக்கியே தீர்வதென்று பின்தொடர்கிறான். நகைச்சுவையும் அவலமும் இங்கிருந்தே பிறக்கின்றன.

ராபர்ட்டின் கை தேர்ந்தது. ஆனால் எதிர்ப்படும் மனிதர் யாவரும் அவனுக்கு வரைபொருள்களே. வாலஸின் நோயை அவன் காண்பதில்லை. அவர் பணியாற்றிய இடத்தின் பெயரையே காண்கிறான். இக்குறையை நயமாகச் சுட்டும் இயக்குநரும் அதிலிருந்து முற்றும் விடுபட்டாரல்லர். நிலவறைவாசிகளின் வியர்வையையும் விகாரத்தையும் 16 மி.மீ. படச்சுருளில் அண்மையிலிருந்து காட்டுபவர், அவர்தம் வாழ்வை அறிய முற்படுவதில்லை. ஆயினும், கலையார்வம் மட்டுமே ஒருவனைப் பண்படுத்திவிடாது என்னும் உண்மையைப் போலி ஆறுதலின்றிச் சொன்னமைக்காக இப்படம் காணத்தக்கது.