பதினைந்து வயசுக்கு ‘வெக்கை’யைக் கொடுங்க

வீட்டில் பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ இருந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பூமணியின் ‘வெக்கை’யை வாங்கி வந்துவிடுங்கள். பிறந்தநாள் பரிசாகச் சுற்றிக் கொடுக்க வேண்டாம். அறிவுரையோடு கொடுக்கவே வேண்டாம். டிவி பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி போட்டுவிட்டு உங்கள் ஜோலியைப் பார்க்கப் போங்கள். முதல் பக்கத்தைப் பிள்ளை புரட்டிவிட்டால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

1982-ல் வந்த நாவல் அது. செலம்பரம் என்று ஒரு பையன், வயது பதினைந்து. அண்ணனைக் கொல்ல வைத்தவனைப் பழிவாங்க அரிவாளோடு கிளம்புகிறான். கையை மட்டும் எடுக்கலாம் என்று போனவன் ஆளையே முடித்துவிட்டு இருட்டில் ஓடுகிறான். வேறொருவர் எழுதியிருந்தால் கடைசி அத்தியாயத்துக்கு வைத்திருப்பார் இந்தக் காட்சியை. பூமணி இதில்தான் தொடங்குகிறார்! அப்புறம் என்னதான் மிச்சமிருக்கும் என்று நினைப்பீர்கள். அப்புறம்தான் எல்லாமே இருக்கிறது. அப்பாவும் மகனும் காடு, மலை, ஓடை என்று ஒளிந்து திரிகிற அந்தச் சில நாள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சமைத்துத் தின்னலாம், எந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கும். பசி என்றால் என்ன, கரிசல் வெயில் என்றால் என்ன என்று உடம்பிலேயே உறைக்கும்.

என்னைக் கிறங்கடித்தது அந்த அப்பாதான். கொலை செய்துவிட்டு வந்து நிற்கிற மகனை உட்கார வைத்து நியாயம் பேசுவதில்லை அவர். சரிக்குச் சரியாக ஒரு ஆளிடம் பேசுவதுபோல் பேசுகிறார். பையனுக்கு இடையிடையே வீட்டு நினைப்பு வரும், அம்மா நினைப்பு வரும்; அப்போது மட்டும் அவன் எவ்வளவு சின்னவன் என்று நமக்குத் தொண்டை அடைக்கும்.

‘நான்தான் அசுரன் பார்த்துட்டேனே’ என்று சொல்லாத பிள்ளை இதுவரை என்னிடம் வந்ததில்லை. இந்த நாவலை வைத்து எடுத்த படம் அது, 2019-ல் வந்தது, நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் படத்தில் தனுஷ் அப்பா. கதை அவர் தோளில் ஏறிக்கொண்டது. நாவலில் எல்லாமே அந்தப் பையனின் கண் வழியாக வருகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேச ஆரம்பித்தால் ஒரு சாயங்காலம் போதாது.

அமெரிக்காவில் விடலைப் பிள்ளைகளுக்கான நாவல் என்றதும் முதலில் சொல்லப்படுவது ‘தி அவுட்சைடர்ஸ்’. 1967-ல் வந்தது. எழுதத் தொடங்கும்போது எஸ்.இ. ஹின்டன் பள்ளிக்கூட மாணவி. அதிலும் ஏழைப் பையன்கள், ஒரு கத்திக்குத்து, ஒரு சாவு, பாழடைந்த சர்ச்சில் ஒளிந்து கிடக்கும் நாட்கள். ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளைக்கு இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்துப் பாருங்கள். அங்கே அந்தப் பையன்களுக்குப் பெரியவர்கள் துணை இல்லை, நண்பர்கள்தான் குடும்பம். இங்கே அப்பா கூடவே நடக்கிறார். எனக்கு நம்ம ஆள்தான் ஒரு படி மேல். இதில் நடுநிலை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, இதையெல்லாம் சொல்ல நான் யார் என்றால், அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். திருப்பூரிலிருந்து அவிநாசி போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் ஊர். வெளியூர்க்காரர்களுக்குத் திருப்பூர் பக்கம் என்றால் பனியன்தான் ஞாபகம் வரும். அனுப்பர்பாளையத்துக்குப் பழைய பேர் பாத்திரத்தால் வந்தது. செம்பும் பித்தளையும் எவர்சில்வரும் தட்டுகிற பட்டறைகள் இன்றைக்கும் உண்டு. ஒரு சந்தில் குடம் தட்டுகிற சத்தம், அடுத்த சந்தில் ஓவர்லாக் மெஷின் சத்தம். இதற்கு நடுவே உட்கார்ந்து நாவல் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு எந்த பஸ்ஸிலும் படிக்க வரும்.

சனிக்கிழமை சம்பளம் போடும்போது சிலருக்குக் கவரோடு ஒரு புத்தகமும் போகும். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வந்து நிற்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், எங்கள் லைன் வீட்டுப் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற வாண்டுகள், இவர்கள்தான் என் வாசகர் வட்டம். இந்த ஊரில் அந்த வயது சின்ன வயதில்லை. வட்டிக்காரர் எந்த நாளில் வருவார், அம்மாவுக்குக் கால் வீங்கினால் எத்தனை ஷிப்ட் போகும் என்று எல்லாம் தெரிந்த பிள்ளைகள். அவர்களிடம் போய் முயல் ஆமைக்கு ஒழுக்கம் சொல்லித்தருகிற கதையைக் கொடுத்தால் என்னைத்தான் பாவமாகப் பார்ப்பார்கள். ஆகவே என் சல்லடை ஒன்றே ஒன்று: அந்த வயதை மதிக்கிற நாவலா? மதித்தால் கொடு.

அப்படிப் பார்த்தால் ‘மணல்கடிகை’க்கு நான் கோயில்தான் கட்ட வேண்டும். எம். கோபாலகிருஷ்ணன் எழுதி 2004-ல் வந்தது. பள்ளிக்கூடம் முடித்து வெளியே வருகிற ஐந்து நண்பர்கள். அவர்களைப் பிடித்து இழுத்துக்கொள்கிற திருப்பூர். ஊர் பெருக்கப் பெருக்க ஒருத்தர் ஏறுகிறார், ஒருத்தர் சறுக்குகிறார், நட்பு நடுவே பணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எக்ஸ்போர்ட், டாலர் என்று செய்தித்தாளில் எண்ணாக வந்ததெல்லாம் இதில் ஆளாக நடந்து வரும். நம் ஊரைப் பற்றி இவ்வளவு பெரிய நாவல் இருக்கிறது என்று தெரியாமலேயே இங்கே எத்தனை பேர் தைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குப் பொறுக்காது.

எங்கள் கம்பெனியில் கைமடியாக ஒரு பையன் இருந்தான். தைக்கிறவருக்குப் பக்கத்தில் நின்று பீஸை எடுத்து அடுக்கிக் கொடுப்பது, தைத்து வந்ததை வாங்கி மடிப்பது, பிசிறு நூலை வெட்டுவது, இதுதான் கைமடி வேலை. நாள் முழுக்க நின்றபடி. அவன் இந்தத் தடிப் புத்தகத்தை டிபன் பாக்ஸ் பையில் திணித்துக்கொண்டு போனபோது திரும்பி வருமா என்றே எனக்குச் சந்தேகம். வந்தது, அட்டையில் சாம்பார்க் கறையோடு.

“அக்கா, அந்த அஞ்சு பேர்ல யாராச்சும் இப்ப நம்ம ஏரியாவுல இருக்காங்களாக்கா?”

“கதை கண்ணு அது.”

“கதைங்கறீங்க. எங்க பெரியப்பாவக் கொஞ்ச நாள் கூடவே இருந்து பாத்துட்டு எழுதுனாப்ல இருக்குதுங்க்கா.”

எழுதினவருக்கு எந்த விருதுக் குழு இதைவிட நல்ல மதிப்புரை எழுதிவிடப் போகிறது, சொல்லுங்கள்!

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். இதைப் பதினைந்தில் கொடுக்காதீர்கள். ஆசாபாசம், சறுக்கல், உடம்பு சம்பந்தப்பட்ட விஷயங்கள் எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் வரும், பதினெட்டு ஆகட்டும். அதை முடித்த கையோடு சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’. நொய்யல் ஆற்றில் கலந்த சாயத்தைப் பற்றி 1998-லேயே எழுதிவிட்டார் மனிதர். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவு போட்டு ஊரே ஸ்தம்பித்து நின்றதற்குப் பதின்மூன்று வருடம் முன்னால். கதை ஓட்டம் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அதனால்தான் இரண்டாவதாக வைக்கிறேன்.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு மூச்சு வாங்கும். 2000-ல் வந்தது. பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையன், அவனைப் போலவே வெவ்வேறு காடுகளில் வேலை பார்க்கிற வவுறி, நெடும்பன், செவிடி, மொண்டி. பெரியவர்கள் கண்ணுக்கு எட்டாத மேய்ச்சல் காட்டில் இந்தப் பிள்ளைகள் ஒரு தனி ராஜ்ஜியமே நடத்துகிறார்கள். விளையாட்டு என்ன, திருட்டுத்தனம் என்ன, பனங்காடு என்ன, கிணற்றுக் குளியல் என்ன! படிக்கும்போது சிரித்துக்கொண்டே இருப்பீர்கள். ஆனால் கூளையனோடு சேர்ந்து திரிகிற செல்வன், பண்ணையக்காரரின் மகன். அந்தச் சேர்த்தி எதுவரை போகும், எந்த இடத்தில் கோடு கிழிக்கப்படும் என்பதை ஆசிரியர் குரலை உயர்த்தாமல் காட்டிக்கொண்டே வருவார். ‘அந்தக் காலத்துல எல்லாரும் ஒண்ணு மண்ணாத்தான் இருந்தோம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்கிற கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியாது. பேச்சுமொழி முதலில் கொஞ்சம் மிரட்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுவும் பிரச்சினையில்லை, அவர்கள் ஆத்தா பேசுகிற பேச்சுதான்.

கொஞ்சம் சின்னப் பிள்ளைகளுக்கு, ஆறாவதிலிருந்து எட்டாவதுக்குள் இருப்பவர்களுக்கு, யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. ஷாலினி என்கிற சிறுமியிடம் ஒரு மரப்பாச்சிப் பொம்மை பேசுகிறது. தப்பான தொடுதல் என்றால் என்ன, நடந்தால் யாரிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பயமுறுத்தாமல் கதையாகவே கொண்டுபோகிறார். 2020-ன் பால சாகித்ய புரஸ்கார் இதற்குத்தான். எங்கள் ஊரில் இதை வீட்டுக்கு வீடு போட வேண்டும் என்பேன். அப்பாவும் அம்மாவும் ஒன்றரை ஷிப்ட் முடித்து வர ராத்திரி எட்டரை ஆகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கழுத்தில் சாவியை மாட்டிக்கொண்டு அதுவரை தனியாகத்தான் இருக்கும். செக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு அம்மா மகளுக்கென்று வாங்கிப் போய், முதலில் தானே படித்துவிட்டு வந்து, “எனக்குச் சின்ன வயசுல இத ஒருத்தரும் சொல்லலீங்க்கா” என்றார். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. மகளும் படித்துவிட்டாள்.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’ பெரும்பாலான ஆசிரியர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு டீச்சர் தான் எழுதிய அறிவியல் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரையாகவே கதை முழுவதும் வரும். கேள்வி கேட்டே உதை வாங்குகிற ஒரு மாணவி. ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பிள்ளைகள் அழுவார்கள், டீச்சர்கள் இன்னும் அதிகமாக அழுவார்கள்.

ஓடுகிற கதைதான் வேண்டும், அழுகை வேண்டாம் என்கிற ரகத்துக்கும் என்னிடம் சரக்கு உண்டு. ஜெயமோகனின் ‘பனிமனிதன்’, இமயமலைப் பனியில் ஒரு ராட்சதக் காலடித் தடம்! சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வருகிற ஜீனோ நாயை இன்றைக்கு ஏஐ, ஏஐ என்று திரிகிற பிள்ளைகள் கட்டாயம் சந்திக்க வேண்டும், புத்தகம் படிக்கிற ரோபோ நாய், மனிதர்களைவிட வாய் ஜாஸ்தி. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைச் சுற்றி நடக்கிறது, 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. அதை முடித்தவர்களிடம் நம்ம நொய்யல் கரையிலேயே கொடுமணல் இருக்கிறது, பேர் கீறின பானை ஓடுகள் அங்கேயும் கிடைத்திருக்கின்றன என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டியில் பெட்ரோல் போடச் சொல்லி நச்சரிப்பார்கள்.

இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு, வருடா வருடம் திருப்பூரில் புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே நான் வயிறெரிகிற காட்சி ஒன்று உண்டு. பிள்ளை ஒரு நாவலைக் கையில் எடுக்கும். பின்னால் நிற்கிற அப்பா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு ‘ஜெயிப்பது எப்படி’ வகையறாவை நீட்டுவார். அண்ணா, சாமி, கும்பிடறேன். பிள்ளை எடுத்ததையே வாங்கிக் கொடுங்க.

கடைசியாக அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. 1977. செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்கிற சந்திரசேகரன், கிரிக்கெட் பைத்தியம். வெளியே 1947, நிஜாம் ராஜ்ஜியம் இந்தியாவோடு சேருமா சேராதா என்று ஊர் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஒரு மொழிக்காரன் வேறு மொழிகளுக்கு நடுவே வளர்வது எப்படி இருக்கும் என்பதை இவ்வளவு சிரிப்போடு, இவ்வளவு கலவரத்தோடு எழுதியவர் வேறு யார்? எங்கள் லைன் வீட்டில் ஒரு பக்கம் ஒடியா, ஒரு பக்கம் இந்தி. அதனாலேயோ என்னவோ பிள்ளைகளுக்கு இந்த நாவல் உடனே ஒட்டிக்கொள்கிறது. இதன் கடைசிப் பக்கங்களை வைத்துக் காலேஜ் படிக்கிற ஒரு பெண்ணுக்கும் எங்கள் அயர்ன் மாஸ்டருக்கும் பெரிய சண்டை. நாவல் அந்த இடத்தில் முடியக்கூடாது, அப்புறம் அவன் என்ன ஆனான் என்று சொல்லியாக வேண்டும் என்கிறார் மாஸ்டர். அதற்கு மேல் ஒரு வரி எழுதியிருந்தாலும் கெட்டுப்போயிருக்கும் என்கிறாள் அவள். நான் அவள் பக்கம். படித்துவிட்டு நீங்கள் யார் பக்கம் என்று சொல்லுங்கள்.