மட்டம் பார்க்கும் தண்ணீர்

தேவகோட்டைக் கொத்தனார் கையிலிருக்கும் தண்ணீர் டியூப்மேல் எனக்குத் தனிப் பிரியம். ஜன்னல் மட்டத்தை அறை முழுக்கச் சுற்றிக் குறிக்க அது போதும். சிறு படகை வீட்டிலேயே கட்டுகிற பலரும் நீர்க்கோடு குறிக்க இதைத்தான் பிடிக்கிறார்கள். படகை மிதக்கப்போகும் வாக்கிலேயே முட்டுக்கொடுத்து நிறுத்தி, முன்னும் பின்னும் ஒவ்வொரு புள்ளி வைக்க வேண்டும். மற்றப் புள்ளிகளைத் தண்ணீரே காட்டிவிடும். டியூப்பில் காற்றுக்குமிழ் மட்டும் இருக்கக் கூடாது. வளைந்த பலகைமேல் கண்மதிப்பில் இழுத்த கோடு கடலில் கோணல் காட்டும். டியூப் வைத்துப் போட்ட கோடு காட்டாது. பாசித்தடுப்புப் பெயிண்டை மிதக்கும் மட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே முடிப்பதே சரி. அலை நனைக்கும் இடமெல்லாம் பாசி ஏறும்.

பெரிய கப்பலில் இந்த நீர்க்கோட்டின் உறவான சுமைக்கோடு, அதாவது இதற்குமேல் கப்பல் அமிழும்படி சுமை ஏற்றக் கூடாது என்ற குறி, உயிர் காப்பது. பிரிட்டிஷ் எம்.பி. சாமுவேல் பிளிம்சால் போராடியதன் பலனாக, 1876-இல் பிரிட்டிஷ் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் எங்கே போடுவது என்பதை முதலாளியிடமே விட்டது! 1890-இல்தான் அந்த ஓட்டை அடைபட்டது. அதன்பின் நகரத்தார் வணிகர்கள் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களும் அந்தக் குறிக்குக் கட்டுப்பட்டவைதாம்.

தொண்டிப் பக்கம் போனால், கரையேற்றிய வல்லத்தில் கடல் விட்ட கறையையும் தீட்டிய வண்ணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.