கஹூட்: நாமக்கல் கேள்விகளோடு ஒரு சோதனை

குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் நாமக்கல் வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். குறிப்பேடு எழுதி, பழைய வினாத்தாளைப் புரட்டி, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் படிக்கிறார்கள். அந்தக் கேள்வி கேட்கும் வேலையைக் கஹூட் செயலியிடம் கொடுத்துப் பார்த்தோம். இது பொது அறிவைச் சோதிக்கிறதா, கைவேகத்தைச் சோதிக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நார்வேயில் உருவாகி, 2013-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த செயலி இது. ஆட்டத்தை நடத்துபவருக்கு மட்டும் கணக்கு வேண்டும்; மற்றவர்கள் போன் பிரவுசரில் பின் நம்பரைத் தட்டினால் உள்ளே வந்துவிடலாம். லேப்டாப்பை வீட்டு டிவியோடு இணைத்தோம். கேள்வி டிவியில் வரும். கையிலிருக்கும் போனில் சிவப்பு முக்கோணம், நீல வைரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம். எது சரியோ அதைத் தொட வேண்டும். டிவி இல்லாத இடத்தில் கேள்வியும் விடையும் போனிலேயே தெரியும்படி மாற்றிக்கொள்ளலாம். இலவசக் கணக்கில் எத்தனை பேர் ஆடலாம் என்பதற்கு வரம்பு உண்டு; சிறு குழுவுக்கு அது இடையூறாக இல்லை.

கேள்விகளை நாங்களே எழுதினோம். கொல்லிமலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை? 70. ஆர்.கே. நாராயண் பெயரிலுள்ள 'ஆர்' எந்த ஊர்? ராசிபுரம். திருச்செங்கோடு அருகே காந்தி ஆசிரமத்தை 1925-ல் தொடங்கியவர் யார்? ராஜாஜி. நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர்? இந்தக் கேள்விக்குப் பலர் நாமக்கல்லையே தொட்டார்கள். விடை மோகனூர்.

செயலியின் மிகப் பெரிய பலத்தை அந்த இடத்தில்தான் பார்த்தேன். ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் எந்த விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்று திரையில் பட்டைகள் எழும். குழு மொத்தமும் எங்கே தடுமாறுகிறது என்பது கண் முன்னே நிற்கிறது. அப்படியே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கவிஞர் 1888-ல் மோகனூரில் பிறந்ததையும் பின்னாளில் அரசவைக் கவிஞரானதையும் பேசினோம். தனியாக வினாத்தாளை நிரப்புகிறவருக்கு இந்தப் பேச்சு கிடைக்காது.

மதிப்பெண் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கமான நேரலை ஆட்டத்தில் ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. நேரம் போகப் போகப் புள்ளி குறைந்து, கடைசி நொடியில் பாதிக்கு வந்து நிற்கும். 20 நொடிக் கேள்வியில் 2 நொடியில் தொட்டவருக்கு 950, நிதானமாகப் படித்து 12 நொடியில் தொட்டவருக்கு 700. இருவர் விடையும் சரிதான். "படிச்சு முடிக்கறதுக்குள்ள மேல போயிடறாங்கண்ணா" என்று ஒரு தம்பி சொன்னது நியாயமான குறை. நேரத்தை 60 நொடியாக மாற்றினோம். அதே இருவருக்கும் 983, 900 என்று இடைவெளி சுருங்கியது. இந்த மாற்றத்தை முதலிலேயே செய்துவிடுங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு 3 மணி நேரம் உண்டு. 2020 முதல் 'விடை தெரியவில்லை' என்று ஐந்தாவது வாய்ப்பும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் படிப்பின் பகுதிதான். அதனால் நான்காவது கட்டத்தில் அந்த வாய்ப்பையே வைத்தோம். அதைத் தொட்டால் புள்ளி வராது. ஆனால் குருட்டாம்போக்கு குறைந்து, பட்டைகள் உண்மை பேசத் தொடங்கின.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தொல்லை. கேள்விக்கு 120 குறிகள்தான் இடம். 'நாமக்கல்' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யுனிகோடில் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால் எட்டு. கூற்று, காரணம் வகைக் கேள்விகளை இதற்குள் அடக்க முடியாது. இலக்கணத்துக்கும் கணக்குக்கும் தாளும் பேனாவும்தான்.

பிறர் போட்டு வைத்திருக்கும் வினாத்தொகுப்புகளை அப்படியே எடுத்து ஆட வேண்டாம். எந்தச் செயலியானாலும் அது தன்னிடமுள்ள விடையைத்தான் சரி என்று காட்டும். நாமக்கல் 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. அதற்கு முன் எழுதிய கேள்வியில் அது இன்னும் நகராட்சிதான். தமிழ்நாட்டு மாவட்டங்கள் 38 என்பதும் 2020-க்கு முந்தைய தொகுப்பில் இருக்காது.

வாரம் முழுக்கப் படித்ததைக் குழுவாகச் சரிபார்க்கக் கஹூட் நல்ல கருவி; தேர்வுக்கான முழுப் பயிற்சிக்குப் போதாது. ஒவ்வொருவரும் ஆளுக்குச் சில கேள்விகள் எழுதுங்கள். பாடநூலில் விடையைப் பார்த்து உறுதி செய்த பிறகு ஏற்றுங்கள்.