பழியை யார்மேல் எழுதுவது?

ஓர் ஆராய்ச்சியாளர் எத்தனை கட்டுரை எழுதினார், எத்தனை பேர் அவரை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணித்தான் புலமைக்கு விலை போடுகிறார்கள். மனநல மருத்துவத்திலும் இதே கணக்குதான். நான் தமிழ் படித்தவன், டாக்டர் இல்லை. ஆனால் ஒரு பிரதி யாரைக் குற்றவாளியாக்குகிறது என்று வாசிக்கத் தெரியும். அந்த வாசிப்பில் இரண்டு மருத்துவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதல் ஆள் ஜே.சி. கரோதர்ஸ். நைரோபியில் மத்தாரி மனநோய் மருத்துவமனையை 1938 முதல் 1950 வரை நடத்தியவர். பொறுப்பேற்றபோது மனநல மருத்துவத்தில் அவருக்குப் பயிற்சி கிடையாது. ஆப்பிரிக்கரின் மனம் பற்றி அவர் எழுதிய நூலை 1953இல் உலக சுகாதார நிறுவனமே வெளியிட்டது. ஆப்பிரிக்கர் முன்மூளையைச் சரிவரப் பயன்படுத்துவதில்லை, அவர்களுடைய நடத்தை முன்மூளையில் அறுவை செய்யப்பட்ட ஐரோப்பியருடையதைப் போன்றது என்பது அதன் சாரம். மனச்சோர்வு அவர்களிடம் அபூர்வம் என்றும் எழுதினார்.

எதை வைத்து? ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களை வைத்து. காலனிய ஆட்சியில் அங்கே யாரைக் கொண்டு வருவான்? ரகளை செய்தவனை, போலீஸ் கையில் சிக்கியவனை. குடிசை மூலையில் பேச்சத்து உட்கார்ந்திருக்கிற பொம்பளையை யார் கூட்டிவரப் போறா? அவள் கணக்கில் வரவில்லை. வராததாலேயே அவளுக்குத் துக்கம் இல்லை என்று அறிவியல் சொல்லிவிட்டது.

1952இல் கென்யாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நிலம் பறிகொடுத்த கிக்கூயு மக்களின் மாவ் மாவ் எழுச்சிக்கு உளவியல் விளக்கம் தரக் காலனி அரசு கரோதர்ஸைத்தான் தேடிப் போனது. 1954இல் அதுவும் அச்சாகியது. நிலம் பின்னுக்குப் போய், மாறுகிற காலத்தில் தடுமாறும் மனம் முன்னுக்கு வந்தது. சித்திரவதையை அந்த நூல் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடிபட்டவனின் கோரிக்கையை நோயாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. அந்தச் சித்திரவதைகளுக்காக 2013இல் பிரிட்டன் வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு வழக்குச் செலவு உட்பட 1.99 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது.

இரண்டாவது ஆள் ஃபிரான்ஸ் ஃபனான். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனைக்கு வந்தார். கூட்டம், பத்திரிகை, விழா என்று நோயாளிகளைச் சேர்ந்து வாழவைக்கும் சிகிச்சையை ஆரம்பித்தார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் பலித்தது. முஸ்லிம் ஆண்கள் வார்டில் படுத்துவிட்டது. கரோதர்ஸாக இருந்தால் இங்கேயும் மூளையைத்தான் குறை சொல்லியிருப்பார். ஃபனான் தன் உதவி மருத்துவர் அசூலேயுடன் சேர்ந்து 1954இல் அந்தத் தோல்வியையே கட்டுரையாக்கினார். தப்பு எங்களுடையது, மொழி தெரியாமல், அவர்கள் வாழ்க்கை தெரியாமல், ஐரோப்பிய முறையைத் திணித்தோம் என்பதே அதன் பொருள். பிறகு அந்த வார்டுக்கு அவர்கள் ஊர் காப்பிக்கடை வந்தது, அவர்கள் பண்டிகை வந்தது, கதைசொல்லி வந்தார்.

1956இல் ஃபனான் வேலையை விட்டார். 1961இல், 36 வயதில் இறந்தார். கரோதர்ஸுக்கும், அல்ஜீரியனைப் பிறவிக் குற்றவாளியாக எழுதிய போரோவின் அல்ஜியர்ஸ் பள்ளிக்கும் அதே வருடம் வந்த கடைசி நூலில் பதில் சொன்னார். அவருடைய மருத்துவக் கட்டுரைகள் ஒரே தொகுதியாகப் பிரெஞ்சில் வர 2015 ஆகியது. கரோதர்ஸுக்கோ முத்திரை உடனே கிடைத்தது. அவரை மறுக்க எழுதியவர்களும் அவர் பெயரைச் சொல்லித்தான் மறுத்தார்கள். மேற்கோள் கணக்கில் அதுவும் அவருக்கே வரவு!

வரலாறு சும்மா இருக்கவில்லை. நோயாளியைக் குடும்பத்தோடு கிராமத்தில் தங்கவைத்துக் குணமாக்கும் முறையை 1954இல் நைஜீரியாவின் ஆரோவில் தொடங்கிய தாமஸ் லாம்போ, கரோதர்ஸின் முடிவுகளைக் கடுமையாக விமர்சித்தார். பின்னாளில் அதே உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராகவும் ஆனார். பிளிடா மருத்துவமனைக்கு இன்று ஃபனான் பெயர்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1871இல் எழுதியதும் இதே பேரரசின் பேனாதான். அதனால்தான் இது நமக்குத் தூரத்துக் கதையாகப் படவில்லை. சேரிக்கு வினாப்பட்டியலோடு வருகிற மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் வராதபோது, யார்மேல் பழி எழுதுவீர்கள்?