பாதி எங்களுக்கு விடு

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம் என்றால் தொழிற்பேட்டை, லாரிகள் வரிசைகட்டி நிற்கும் கனரக வாகன முனையம், ஷிஃப்ட் மாறும் நேரத்து நெரிசல். ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா, ஆள் குறைப்பார்களா என்பது டீக்கடையில் அன்றாடம் அடிபடும் பேச்சு. கவலைக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாத ஊர். இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்பியம் என்ற அக்கம்பக்கக் குழுவாக வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கூடி ஜெபமாலை சொல்வார்கள். ஒரு பாய், நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, ஸ்டூலில் மாதா சுரூபம், மெழுகுவர்த்தி. அவ்வளவுதான் ஏற்பாடு. மனம் அமைதியடைவது எப்படி என்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்த அமைதியை உண்டாக்கும் பொறி எத்தனை நுட்பமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை இந்தப் பாயில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

முதல் நுட்பம், ஒருவர் முழு ஜெபத்தையும் சொல்வதில்லை. அருள் நிறை மந்திரத்தின் முன்பாதியை ஒரு குரல் சொல்லும்; பின்பாதியை மற்றவர்கள் எடுப்பார்கள். ஒருமுறை பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி முன்பாதி சொன்னாள். வீட்டுப்பாடம் காத்திருந்ததோ என்னவோ, ஒரே ஓட்டம். நாங்கள் பின்பாதியை முடிக்குமுன்பே அடுத்த மணிக்குத் தாவிவிட்டாள். மூலையில் சுவரில் சாய்ந்திருந்த ஆயா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஓடாதம்மா. பாதி எங்களுக்கு விடு."

அந்த ஒரு சொல்லில் ஜெபமாலையின் இலக்கணமே இருக்கிறது. கவலைப்படுகிறவர் செய்வது என்ன? கேள்வியையும் தானே கேட்டு, பதிலையும் தானே சொல்லி, அந்தப் பதிலை மறுத்து மறுபடி கேட்பது. இரவு இரண்டு மணிக்கு மண்டைக்குள் நடக்கும் அந்த வாக்குவாதத்தில் எதிராளிக்கு இடமே கிடையாது. இங்கே பாதியை அடுத்தவரிடம் விட்டாக வேண்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை நம் வாய் சும்மா இருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் மூச்சு தன்பாட்டுக்கு இழுத்துக்கொள்கிறது.

மூச்சு விஷயம் வெறும் கற்பனையல்ல. 2001-இல் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரை இலத்தீனில் இந்த மந்திரத்தைச் சொல்லவைத்து அளந்தபோது, மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் இசைவும் மேம்பட்டது. யோக மந்திரம் சொன்னபோதும் அதே விளைவு. தமிழில் சொற்கள் இலத்தீனைவிடச் சற்று நீளம். மேட்டுப்பாளையத்தில் யாரும் கருவி வைத்து அளக்கவில்லை. ஆனால் பத்துப் பத்தாகக் கோத்த மணிகளில் மூன்றாவது பத்து வருவதற்குள் அறையில் குரல்கள் தாழ்ந்து ஒரே தாளத்தில் விழுவதைக் காது அளந்துவிடும்.

இரண்டு பாதிகளின் குணமும் வேறு. முன்பாதி லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலிருந்து வந்தது: கபிரியேல் தூதர் மரியாளுக்குச் சொன்ன வாழ்த்தும், எலிசபெத்து சொன்ன பாராட்டும். அதில் ஒரு வேண்டுதலும் கிடையாது. கேட்பதெல்லாம் பின்பாதியில், அதுவும் திருச்சபை பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டது; 1568-இல் ஐந்தாம் பத்திநாதர் காலத்துக் கட்டளைச் செபநூலில்தான் இன்றைய வடிவம் நிலைபெற்றது. கேட்க வந்தவரை முதலில் வாழ்த்தச் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பெரிய வீட்டுக்குப் போனால் காரியத்தை எடுத்ததும் சொல்லிவிட மாட்டோமே, அந்த மரியாதைதான்.

பின்பாதியிலும் நான் வியந்துபோவது அதன் காலக்கணக்கை. அதில் இரண்டே நேரங்கள்: இந்த நேரம், சாகிற நேரம். நடுவில் வரும் நாளைக்கும், மாதக் கடைசிக்கும், சீட்டுப்பணம் கட்ட வேண்டிய தேதிக்கும் அங்கே இடமில்லை. கவலை குடியிருப்பதோ அந்த நடுவிடத்தில். 53 முறை சொன்னாலும் 53 முறையும் மந்திரம் அந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போகிறது.

அதற்காக நாளைய கவலையை ஒதுக்கிவைத்துவிட்டு வா என்று சொல்லும் வழக்கமும் இல்லை. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் கருத்து சொல்வார்கள். "என் மருமகனுக்கு ஒப்பந்தம் முடியுது, அந்தக் கருத்துக்காக இந்தப் பத்தை ஒப்புக்கொடுப்போம்." அப்படிச் சொன்னதும் யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள், யோசனையும் சொல்ல மாட்டார்கள். பரலோக மந்திரம் தொடங்கிவிடும். கவலையைப் பேர்சொல்லி நடுவில் வைத்தாயிற்று. இனி அந்தப் பத்து முடியும்வரை அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் அறையிலுள்ள அத்தனை பேரும் அதற்காகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "கவலைப்படாதே" என்று நூறு பேர் சொல்லியும் வராதது, தன் கவலையை ஊரே சுமந்து பத்து மணி நடப்பதைக் கேட்கும்போது அந்த மாமியார் முகத்தில் வந்துவிடுகிறது.

தியானிக்க வேண்டிய இரகசியங்கள், அதாவது இயேசு, மரியாள் வாழ்க்கைக் காட்சிகள், கிழமைக்கு ஒரு வரிசை என்பதும் நல்ல கண்டிப்பு. திங்கள், சனி மகிழ்ச்சி. செவ்வாய், வெள்ளி துயரம். புதன், ஞாயிறு மகிமை. வியாழனுக்கு 2002-இல் இரண்டாம் யோவான் பவுல் சேர்த்த ஒளி. நம் மனநிலையைக் கேட்டு வரிசை மாறுவதில்லை. வேலை போன திங்கட்கிழமையிலும் பெத்லகேம் குழந்தையைத்தான் தியானிக்க வேண்டும். சம்பளம் உயர்ந்த வெள்ளிக்கிழமையிலும் துயரத்தில்தான் தொடங்க வேண்டும். அந்தத் துயர வரிசையின் முதல் காட்சி கெத்சமனித் தோட்டம்: இயேசுவே கலங்கி, வேர்வை இரத்தத் துளிபோல விழ, தூங்கிப்போன சீடர்கள் பக்கத்தில் தனியாக மன்றாடுகிறார். பயப்படுவது விசுவாசக் குறைவு என்று மேடையில் அதட்டும் பிரசங்கிகள் இந்தக் காட்சியை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

மாலையின் அமைப்பைச் சொல்லாமல் விட முடியாது. பத்து மணி நெருக்கமாக, பிறகு கொஞ்சம் வெறும் சங்கிலி, தனியே ஒரு மணி, மறுபடி சங்கிலி. எங்கே இருக்கிறோம் என்று விரலே சொல்லிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழையைக் கொட்டியபோது, கைபேசி வெளிச்சத்தைக்கூட மிச்சம் பிடிக்க வேண்டிய இருட்டு. வேதப்புத்தகம் வாசிக்க முடியாது, பாட்டுப்புத்தகம் உதவாது. மணிக்கு வெளிச்சம் வேண்டாம்.

விரலின் பெருமைக்கு இன்னொரு சாட்சி உண்டு. 1858-இல் பிரான்சின் லூர்து நகரில், மசபியேல் குகையில் மாதாவைக் கண்டதாகச் சொன்ன 14 வயதுப் பெர்னதெத், தான் ஜெபமாலை சொன்னபோது அந்தப் பெண்ணின் விரல்களில் மணிகள் நகர்ந்தன, உதடுகள் அசையவில்லை என்றாள். அழகான கூற்று, தனக்கே சொல்லப்படும் வாழ்த்தை அவர் எப்படிச் சொல்வார்? ஆனால் கூடவே எண்ணிக்கொண்டிருந்தார். அந்த லூர்து மாதாவுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் வில்லியனூரில் 1877-லேயே கோயில் எழுந்துவிட்டது. கோயிலுக்கு முன்னால் உள்ள குளத்தின் படிகளில் திருவிழா நாள்களில் உட்கார்ந்து பாருங்கள். முன்பின் தெரியாத இருவரில் ஒருவர் முன்பாதியை முணுமுணுக்க, மற்றவர் தன்னையறியாமல் பின்பாதியை எடுத்துக்கொள்வார்.

இப்போது யூடியூபில் ஜெபமாலை முழுதாகவே கிடைக்கிறது, பின்னணி இசையோடு. 2020-இல் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது அது கைகொடுத்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு பாதியையும் கருவியே சொல்லிவிட்டால் நமக்கு வேலை ஏது? ஆயாவைக் கேட்டால், "அது பாட்டுக்குச் சொல்லுது, நம்மள எங்க விடுது?" என்பார்.

பிரார்த்தனை முடிந்து சுண்டலும் டீயும் வரும்போதுதான் பேச்சு தொடங்கும். இத்தனை நேரம் யாரும் தொடாமல் வைத்திருந்த அந்த ஒப்பந்த விஷயத்தை, பின்வரிசையில் இருந்த ஒருவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எடுப்பார்: "அக்கா, சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களாம். மருமகன நாளைக்கே அனுப்புங்க, நான் கூடப் போறேன்."