எந்தப் பாதுகாப்பு? யாருடைய பாதுகாப்பு?: 1914 எண்ணெய் விவாதத்தை முன்வைத்து

நாடாளுமன்ற விவாதக் குறிப்புகளை ஒரு பிரதியாக எடுத்துவைத்து வாசிக்கும் வழக்கம் நம்மிடையே அவ்வளவாக இல்லை. சிறுகதையில் யார் பேசுகிறார்கள், யாருடைய குரல் அமுக்கப்பட்டிருக்கிறது என்று துருவித் தேடுகிற விமர்சகர்கள்கூட, சபையில் நடந்த பேச்சு என்றால் 'அது அரசியல், பத்திரிகைக்காரங்க பாத்துக்குவாங்க' என்று ஒதுங்கிவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு அரசு தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறது என்பதை இந்தக் குறிப்புகள் சில சமயம் நாவலைவிட அப்பட்டமாகக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. எரிபொருளும் ராணுவமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட ஒரு விவாதத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இன்று 'எரிசக்திப் பாதுகாப்பு' என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற சொல்லின் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

1

1914 ஜூன் 17. லண்டன் காமன்ஸ் சபை. கடற்படை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் முன்வைத்த திட்டம் இது: ஆங்கிலோ-பெர்ஷியன் ஆயில் கம்பெனியில் அரசு 22 லட்சம் பவுண்டு போட்டுப் பெரும்பான்மைப் பங்கை வாங்கிக்கொள்ளும். கம்பெனியின் நிர்வாகக் குழுவில் அரசின் ஆட்கள் இரண்டு பேர் மறுப்பு அதிகாரத்தோடு உட்காருவார்கள். கடற்படைக்கு 20 ஆண்டுகளுக்கு எண்ணெய் கொடுக்க ஒரு ஒப்பந்தமும் உண்டு. ஆனால் என்ன விலை என்பது ரகசியம். ஓட்டெடுப்பில் ஆதரவு 254, எதிர்ப்பு 18. மக்களின் பணத்தைப் போடச் சொல்கிறார்கள், விலையை மட்டும் மக்கள் சபை தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்கும் சபை தலையாட்டுகிறது. சாதாரணமாக ஒரு பாலம் கட்டுவதென்றால்கூட இது நடக்குமா? நடந்ததற்குக் காரணம், அது வியாபாரமாக அல்லாமல் கடற்படை விஷயமாக, அதாவது நாட்டுப் பாதுகாப்பாக முன்வைக்கப்பட்டதுதான்.

இந்தப் பாதுகாப்பு ஏன் தேவைப்பட்டது என்று பின்னால் போய்ப் பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியமானது. பிரிட்டனுக்கு நிலக்கரிப் பஞ்சம் கிடையாது. கப்பல்களுக்கு ஏற்ற அருமையான கரி வேல்ஸில், சொந்த மண்ணிலேயே கிடைத்தது. வேகமான கப்பல் வேண்டும் என்பதற்காக எண்ணெய்க்கு மாறினார்கள். 1912-ன் கட்டுமானத் திட்டத்தில் வந்த 'குயின் எலிசபெத்' வகைப் போர்க்கப்பல்கள் முழுக்க எண்ணெயிலேயே ஓடுபவை. அந்த எண்ணெய் பிரிட்டனில் இல்லை. ஆக, இல்லாத ஒரு ஆபத்தைத் தாமே உண்டாக்கிக்கொண்டு, பிறகு அந்த ஆபத்திலிருந்து காப்பதற்காக ஒரு அயல்நாட்டு நிலத்தடியை வாங்கினார்கள். ஊரில் சொல்வார்களே, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று, அதுதான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1912-ல் பிரிட்டனின் சுரங்கத் தொழிலாளர்கள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் குறைந்தபட்சக் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நிலக்கரி என்பது தொழிலாளியின் கை வழியாகப் போகிற எரிபொருள். அவன் கையை மடக்கினால் ரயில் நிற்கும், கப்பல் நிற்கும். குழாயில் ஓடுகிற எண்ணெய்க்கு அந்தப் பயம் குறைவு. திமத்தி மிட்செல் 2011-ல் வெளிவந்த 'கார்பன் டெமாக்ரசி' நூலில் இந்த உறவை விரிவாகவே பேசுகிறார். வேகம் என்கிற காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு என்று சொல்லும்போது எதிரிக் கப்பலிடமிருந்து மட்டும்தானா, சொந்தத் தொழிலாளியிடமிருந்துமா என்று கேட்டுவைப்பது நல்லது.

2

பிரதிக்குள் ஒரு முரண் இருக்கிறது. முந்தைய ஆண்டு, 1913 ஜூலையில், இதே சர்ச்சில் இதே சபையில் பேசியபோது, ஒரே நாட்டை, ஒரே கம்பெனியை, ஒரே பாதையை, ஒரே வயலை நம்பி இருக்கக் கூடாது, பல இடத்திலிருந்து வருவதுதான் எண்ணெய் விஷயத்தில் உறுதி என்று வாதிட்டார். ஓராண்டு கழித்துச் சபை பணம் போட்டதோ ஒரே கம்பெனியில். அதன் எண்ணெய் வந்ததோ மஸ்ஜித்-இ-சுலைமான் என்கிற ஒரே வயலிலிருந்து, அபாதான் வரைக்கும் ஒரே குழாயில். 'ஷெல் கம்பெனியின் பிடியிலிருந்து தப்பிக்க இது இன்னொரு வழி, ஆகவே இதுவும் பன்மைதான்' என்பது அவர் தரப்பு. தர்க்கம் வளைகிறது, சொல் மட்டும் வளையாமல் நிற்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இந்தக் குணம் உண்டு. எந்தக் கொள்கைக்கும் எதிர்க்கொள்கைக்கும் அது ஒரே மாதிரி முட்டுக்கொடுக்கும்.

எதிர்த்தவர்கள் என்ன கேட்டார்கள்? அரசு ஏன் வியாபாரத்தில் இறங்க வேண்டும், அவ்வளவு தூரத்தில் இருக்கிற வயலையும் குழாயையும் காக்க நாளைக்குப் படை அனுப்ப வேண்டிவராதா என்றெல்லாம். நியாயமான கேள்விகள்தான். ஆனால் இருதரப்பும் நின்ற தரை ஒன்றே: எண்ணெய் நமக்கு எப்படி வந்து சேரும்? அது யாருடையது என்ற கேள்விக்கு அந்தத் தரையில் இடமில்லை.

கேட்டிருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது, அது பூட்டிக் கிடந்தது. பாரசீகத்துக்கு 1906-ன் அரசியலமைப்புப் புரட்சியில் ஒரு நாடாளுமன்றம் கிடைத்திருந்தது, மஜ்லிஸ். 1911 டிசம்பரில் ரஷ்யாவின் இறுதி எச்சரிக்கைக்குப் பிறகு அது கலைக்கப்பட்டது. மறுபடி கூடியது 1914 டிசம்பரில்தான். லண்டனில் பாரசீக எண்ணெயைப் பற்றி ஓட்டுப் போட்ட அன்று டெஹ்ரானில் சபையே இல்லை. எண்ணெய் உரிமையை 1901-ல் 60 ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்தவர் ஷா. நாட்டுக்கு என்று பேசியது நிகர லாபத்தில் 16 சதவீதம். நான் இதை வெறும் தற்செயலாகப் படிக்கவில்லை. ஒரு சபையின் பேச்சு இன்னொரு சபையின் மௌனத்தின்மீது நிற்கிறது.

3

ஓட்டில்லாத இன்னொரு தரப்பு நாம்தான். 1914 ஆகஸ்டில் உலகப்போர் தொடங்கிவிட்டது. அபாதானின் எண்ணெய் நிலையங்களைக் காப்பதை முதல் நோக்கங்களில் ஒன்றாக வைத்து நவம்பர் 6 அன்று ஷத்-அல்-அரப் முகத்துவாரத்தில் ஃபாவ் என்னும் இடத்தில் இறங்கிய படை, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் படை. அது அங்கிருந்து மேலே மேலே நகர்ந்து, 1916 ஏப்ரலில் கூட் நகரில் சரணடைய நேர்ந்தது. ஜூன் மாத விவாதத்தில் எதிர்த்தரப்பு கேட்ட கேள்விக்கு ஐந்தே மாதத்தில் இந்தியச் சிப்பாய் தன் உடம்பால் பதில் சொன்னான்.

நம் ஊருக்கும் பங்கு வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியது. எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். பர்மா ஆயில்தான் ஆங்கிலோ-பெர்ஷியனின் தாய்க் கம்பெனி. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றைக்கும் ஆளைச் சொல்கிறோம். எரிந்த எண்ணெய் யாருடையது என்பது மொழியில் தங்கவில்லை. பாதுகாப்புக்காகச் சேர்த்துவைக்கிற எரிபொருளே தாக்குதலை அழைக்கிற இலக்கு என்பதை அந்த இரவு காட்டியது. 1971 டிசம்பர் 4 இரவு இந்தியக் கடற்படை கராச்சியைத் தாக்கியபோதும் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அந்த நாளைத்தான் நாம் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம்.

'எண்ணெய் யாருடையது' என்ற கேள்வியை மஜ்லிஸ் கடைசியில் 1951 மார்ச்சில் கேட்டது, தேசியமயமாக்கியது. பிரிட்டன் அந்த எண்ணெயை யாரும் வாங்கவிடாமல் தடுத்தது. 1953 ஆகஸ்டில் மொசாதெக் அரசு கவிழ்க்கப்பட்டது. சி.ஐ.ஏ. தன் பங்கை 2013-ல் வெளியான ஆவணத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

4

அன்னியன் செய்தது போதும், நம்ம சபைக்கு வருவோம். 2008 ஜூலை 22 அன்று அணுசக்தி உடன்பாட்டை ஒட்டி நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 275–256 என்று பிழைத்தது. சபை மேசையில் நோட்டுக்கட்டுகளைக் கொட்டிய காட்சிதான் நமக்கு ஞாபகம். ஆனால் விவாதத்தின் அமைப்பைக் கவனியுங்கள். ஒரு தரப்பு எரிசக்திப் பாதுகாப்பு என்றது; மறுதரப்புகள் இறையாண்மை என்றும் அணுகுண்டுச் சோதனை உரிமை என்றும் பேசின. ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டாலும் எல்லோருக்கும் தளவாடம் ஒரே கிடங்கிலிருந்துதான். உலை வரப்போகிற கடற்கரையில் வாழ்கிறவன் அந்த வாதத்தின் மையத்தில் இல்லை.

சபையில் இப்படி ஓடுகிற சொல் சட்டத்தில் போய் விதிவிலக்காக உறைகிறது. 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், நாட்டுப் பாதுகாப்பு சார்ந்தவை என்று மத்திய அரசு தீர்மானிக்கும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. 2013-ன் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. கூடவே நான்காம் அட்டவணையில் 13 சட்டங்களுக்கு விலக்கும் கொடுத்தது. 1957-ன் நிலக்கரிப் பகுதிகள் சட்டமும் 1962-ன் அணுசக்திச் சட்டமும் பெட்ரோலியக் குழாய்ச் சட்டமும் அதில் உண்டு. இழப்பீட்டு விதிகளை 2015-லிருந்து அவற்றுக்கும் நீட்டினார்கள். காசு தருவோம், கேள்வி கேட்காதே என்பதுதான் இதன் சாரம். 1914-ல் விலை ரகசியம்; இங்கே விசாரணையே ரகசியம்.

5

தமிழில் இந்தச் சிக்கலுக்கு ஒரு கூடுதல் முடிச்சு உண்டு. படைத்துறைக்கும் பாதுகாப்பு, எரிபொருள் தடையில்லாமல் வருவதற்கும் பாதுகாப்பு, உலை வெடிக்காமல் இருப்பதற்கும் பாதுகாப்பு. ஒரே சொல் மூன்று இடத்தில் வேலை செய்கிறது. கூடங்குளத்தில் 2011, 2012-ல் இடிந்தகரை மக்கள் கேட்டது மூன்றாவது பாதுகாப்பு: 'எங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க'. அவர்களுக்குக் கிடைத்தது முதலாவது: ஆயிரக்கணக்கானோர்மீது ராஜதுரோக வழக்கு. கேட்டவர்களும் கொடுத்தவர்களும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்.

இதே சொல் எதிர்த்திசையிலும் திரும்பும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2020-ல் தமிழகச் சட்டமன்றம் காவிரிப் படுகையைப் 'பாதுகாக்கப்பட்ட' வேளாண் மண்டலம் ஆக்கியது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த எண்ணெய்க் கிணறுகளை அது தொடவில்லை, குறைபாடான சட்டம்தான். ஆனாலும் 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தபோது, விவசாயிகள் அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏப்ரலில் மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நெல்லும் ஒரு பாதுகாப்பு என்று அவர்கள் சொன்னது எடுபட்டது.

ஆனால் நம் தோழர்கள் சிலர் இப்போது சூரிய மின்சாரத்தையும் காற்றாலையையும் 'தேசத்தின் எரிசக்திப் பாதுகாப்பு' என்று சொல்லி வாதாடுகிறார்கள். அரசுக்குப் புரிகிற பாஷையில் பேசுகிறோம் என்பது அவர்கள் நினைப்பு. நான் தயங்குகிறேன். அந்தச் சொல்லோடு அதன் விதிவிலக்குகளும் சேர்ந்தே வரும். நாளைக்குச் சூரியத்தகடு பதிக்க மேய்ச்சல் நிலத்தை எடுக்கும்போது கருத்துக்கேட்பு வேண்டாம் என்பதற்கு நாமே சொல் எடுத்துக்கொடுத்தவர்கள் ஆவோம்.

எழுதுகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. சொல்லைப் பிரித்துப்போடுவது. தினத்தந்தி நடையில் 'ராணுவ மந்திரி' என்று எழுதுவார்கள். படித்தவர்கள் அதைக் கொச்சை என்பார்கள். எனக்கென்னவோ அதுதான் நேர்மையான மொழிபெயர்ப்பாகப் படுகிறது. ராணுவத்தை ராணுவம் என்றே எழுதலாம். எரிபொருள் வரத்தை வரத்து என்று எழுதலாம். ஆபத்து உண்டா இல்லையா என்பதை ஆபத்து என்றே கேட்கலாம். அடுத்த முறை கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மனு எழுதும்போது இந்த மூன்றையும் மூன்று தனிப் பத்தியாக எழுதிப் பாருங்கள். அதிகாரி எந்தப் பத்திக்குப் பதில் சொல்கிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்பது அப்போது தெரிந்துவிடும்.